இரண்டு ரோஸ்டர்கள்

வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்த ரோஸ்டர் ஒன்றே ஒன்றுதான். மண்டல அலுவலகத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்த நீளமான பேரேடு அது. வரிசை எண், அந்த எண் எந்தப் பிரிவுக்கு உரியது, அதில் யார் வந்தார், எந்தத் தேதியில் வந்தார், கடைசியில் குறிப்புக்கென்று ஒரு கட்டம். எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச் சங்கத்தின் சார்பில் அதைப் பார்வையிடப் போனவர்களில் நானும் ஒருவன். கூட வந்த மூத்த தோழர், ஓய்வுக்கு எட்டு மாதமே இருந்தவர், பெயர்களைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிக் கட்டத்தில் விரலை ஓட்டினார். "தம்பி, பேரப் படிக்காத. இந்தக் கட்டத்தப் படி. நம்ம வரலாறு பூரா இதுக்குள்ளதான் கெடக்கு" என்றார். அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே வாக்கியம்: தகுதியானவர் கிடைக்கவில்லை.

2025 ஜூனில் உச்சநீதிமன்றம் தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நேரடி நியமனத்திலும் பதவி உயர்விலும் எஸ்.சி.க்கு 15 விழுக்காடு, எஸ்.டி.க்கு 7.5 விழுக்காடு, அதற்கான ரோஸ்டர் நடைமுறைக்கு வருகிறது என்பது செய்தி. பதிவாளர், தனி உதவியாளர், உதவி நூலகர், நீதிமன்ற உதவியாளர், நீதிபதிகளின் அறையில் ஏவல் செய்கிறவர் என எல்லாப் படிகளுக்கும். அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் பி.ஆர். கவாய்.

எந்த வருசம்? 2025. உச்சநீதிமன்றம் தொடங்கியது எப்போது? 1950. எழுபத்தைந்து வருசம்! ரோஸ்டரை எப்படிப் பராமரிக்க வேண்டும், காலியிடத்தை வைத்தா பணியிடத்தை வைத்தா என்று 1995இல் சபர்வால் வழக்கில் நாட்டுக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தது இதே நீதிமன்றம்தான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் 1997இல் மத்திய அரசு புதிய ரோஸ்டர் ஆணையே போட்டது. என் வங்கிப் பேரேட்டின் கட்டங்கள் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்தவை. ஊருக்கெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாத்தியார் வீட்டில் சிலேட்டே இல்லை!

இருக்கட்டும். வந்ததை வரவேற்போம். காலம் கடந்து வந்தாலும் அது நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும். ஆனால் தோழர்களே, அந்தச் சுற்றறிக்கை எந்த இடத்தில் நின்றுகொண்டது என்று கவனியுங்கள். கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்வரை வருகிறது. நீதிபதி உட்காரும் மேடையின் படியில் கால் வைக்காமல் நின்றுவிடுகிறது. மேடைக்கு ரோஸ்டர் கிடையாது. அரசியல் சட்டத்தின் 124ஆம், 217ஆம் பிரிவுகளில் இட ஒதுக்கீடு இல்லை என்பதுதான், நாடாளுமன்றத்தில் யார் கேட்டாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், அரசு சொல்கிற பதில்.

சரி, அந்த மேடைக்கு நாமே ஒரு பேரேடு போட்டுப் பார்ப்போம்.

1950இல் அரசியல் சட்டம் வகுத்தது தலைமை நீதிபதியோடு சேர்த்து எட்டு இடம். அது படிப்படியாக உயர்ந்து 1986இல் 26, 2009இல் 31, 2019இல் 34. மத்திய அரசின் 1997 ஆணைப்படி, அகில இந்தியப் போட்டித் தேர்வுக்கான ரோஸ்டரில் ஏழாவது இடம் எஸ்.சி.க்கு. அந்தக் கணக்கு செல்லுமானால் முதல் எட்டுக்குள்ளேயே நம்மில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. முப்பது வருசம் உட்காரவில்லை. அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தலித். அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் மேடையில் முப்பது வருசம் ஒரு தலித் இல்லை.

முதல் பெயர் 1980 டிசம்பரில் விழுகிறது: ஏ. வரதராசன். தமிழ்நாட்டுக்காரர். 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியானவர். அடுத்து 1985இல் பி.சி. ராய். 1989இல் கே. ராமசாமி. 2000இல் கே.ஜி. பாலகிருஷ்ணன். 2019இல் பி.ஆர். கவாய். 2021இல் சி.டி. ரவிக்குமார். 2024 ஜனவரியில் பிரசன்னா வராலே. 2025 முடியும்வரை பேரேடு இவ்வளவுதான். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறி இறங்கிய மேடையில் நம் ஆட்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதுவும் விரல் மீதம் இருக்கும்.

பெண்கள்? முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1989இல் வந்தார். 2025வரை மொத்தம் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரில் ஒரு தலித் பெண்கூட இல்லை. நம் சேரியில் வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண்ணின் வழக்கு கீழ்க்கோர்ட்டில் தொடங்கி மேலே மேலே ஏறி உச்சிக்குப் போனால், அங்கே அவளைப் போல ஒருத்தி அவள் கதையைக் கேட்டதே இல்லை.

பேரேட்டில் பெயர்களை விட இடைவெளிகளைப் படிக்க வேண்டும் என்றாரே மூத்த தோழர், அதைச் செய்வோம். பாலகிருஷ்ணன் 2010 மே மாதம் ஓய்வு பெறுகிறார். கவாய் 2019 மே மாதம் வருகிறார். நடுவில் ஒன்பது வருசம் உச்சநீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதி இல்லை. அந்த ஒன்பது வருசத்துக்குள் என்ன நடந்தது?

2018 மார்ச் 20. இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, அதன் பல்லைப் பிடுங்கியது. வழக்குப் பதியுமுன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம், அரசு ஊழியரைக் கைது செய்ய மேலதிகாரியின் அனுமதி வேண்டும், மற்றவர்களைக் கைது செய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும், முன்ஜாமீனும் தரலாம். சாணிப்பால் சவுக்கடி வாங்கிய முதுகோடு ஸ்டேசன் வாசலில் மூணு நாள் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும், எஃப்.ஐ.ஆர். போடுவது எவ்வளவு பெரிய மலை என்று. அந்த மலை மேல் இன்னொரு மலையைத் தூக்கி வைத்தார்கள். ஏப்ரல் 2இல் நாடு முழுக்க நம் சனங்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. அந்த மூவரில் ஒருவர் கவாய்.

ஒரு தலித் நீதிபதி வந்ததால்தான் தீர்ப்பு மாறியது என்று நான் சொல்ல வரவில்லை. தெருவில் செத்தவர்கள்தான் மாற்றினார்கள். ஆனால் முதல் தீர்ப்பு எழுதப்பட்டபோது, அந்த நீதிமன்றத்தின் எந்த அறையிலும், மத்தியானச் சாப்பாட்டு மேசையிலும்கூட, "ஐயா, எங்க ஊர்ல அப்படி இல்லீங்க" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். இதுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அங்கே ஒரு ஆள்.

இனி, கதவை யார் திறக்கிறார்கள், யார் சாத்துகிறார்கள் என்று பார்ப்போம்.

1949 மே 24. அரசியல் நிர்ணய சபையில் நீதிபதி நியமனம் பற்றிய விவாதம். தலைமை நீதிபதி ஒப்புக்கொண்டால்தான் நியமனம் என்று இருக்க வேண்டும் எனச் சிலர் கேட்டார்கள். அம்பேத்கர் மறுத்தார். தலைமை நீதிபதி மிகச் சிறந்தவராக இருக்கலாம், ஆனாலும் மனிதர்தானே. எல்லா மனிதருக்கும் இருக்கிற குறைகளும் உணர்ச்சிகளும் முன்முடிவுகளும் அவருக்கும் உண்டு. அவர் கையில் இறுதி அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதத்தின் சாரம். அரசின் கையில் முழுசாகக் கொடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. கலந்தாலோசனை என்ற நடுவழியைச் சொன்னார்.

அந்த நடுவழியை முதலில் மிதித்தது அரசு. 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயையும், 1977இல் எச்.ஆர். கன்னாவைத் தாண்டி எம்.எச். பெக்கையும் தலைமை நீதிபதியாக்கியது. பிறகு 1993இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 'கலந்தாலோசனை' என்ற சொல்லுக்கு 'இசைவு' என்று பொருள் சொன்னது. 1998இல் தலைமை நீதிபதியும் அடுத்த நான்கு மூத்தவர்களும் சேர்ந்த ஐவர் குழு என்று உறுதியானது. கொலீஜியம் என்கிற சொல் அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள். கிடைக்காது. 1949இல் எந்த ஆபத்தை அம்பேத்கர் கதவுக்கு வெளியே நிறுத்தினாரோ, அதுவே 1993இல் வீட்டுக்காரராகி உள்ளே உட்கார்ந்துகொண்டது.

அதே காலத்தில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் கே.ஆர். நாராயணன். 1998இல் நீதிபதி நியமனக் கோப்பு அவர் மேசைக்கு வந்தபோது, எஸ்.சி., எஸ்.டி. போன்ற நலிந்த பிரிவினரிலும் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் உரியபடி கருத்தில் கொள்ளலாமே என்று குறிப்பெழுதினார். ராமசாமி ஓய்வு பெற்று, பாலகிருஷ்ணன் இன்னும் வராமல், உச்சநீதிமன்றம் தலித் இல்லாமல் கிடந்த நேரம் அது. நாட்டின் முதல் குடிமகன் எழுதிய இரண்டு வரிக்குறிப்பு. அதற்கே 'தகுதி', 'தரம்' என்று எழுந்த கூச்சல் இருக்கிறதே! குடியரசுத் தலைவரே ஆனாலும் தலித் எழுதினால் அது கோரிக்கை மனுதான் போலிருக்கிறது.

2014இல் அரசு ஒரு நியமன ஆணையத்தைக் கொண்டு வந்தது. ஆறு பேர். அதில் சிறந்த குடிமக்கள் என இருவர். அந்த இருவரில் ஒருவர் எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் இவர்களில் யாராவது ஒருவராக இருக்க வேண்டும். நாட்டின் ஆகப் பெரும்பான்மைக்கு ஒரே ஒரு நாற்காலி! அதிலும் முறைவைத்து உட்கார வேண்டும்! 2015 அக்டோபரில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. அரசுக்கும் நீதிபதிகளுக்கும் நடக்கிற இந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையில் பண்ணையாள் எந்தப் பக்கம் நிற்பான்? நிலம் யாருடையது என்றுதான் கேட்பான்.

இந்த ஏற்பாட்டில் விளைந்தது என்ன? 2025இல் அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு: 2018 முதல் உயர்நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் எஸ்.சி. 22 பேர், எஸ்.டி. 16 பேர், பிற்படுத்தப்பட்டோர் 89 பேர், சிறுபான்மையினர் 37 பேர். 15 விழுக்காடு என்று கணக்குப் போட்டால் எஸ்.சி. நூறைத் தாண்டியிருக்க வேண்டும். உயர்நீதிமன்றம்தான் உச்சநீதிமன்றத்துக்கு நாற்றங்கால். நாற்றங்காலிலேயே விதை போடாமல், வயலில் பயிர் இல்லை என்று கைவிரித்தால் எப்படி?

தகுதியுள்ளவர் இல்லை என்பது பொய் என்பதற்குச் சாட்சி அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. உச்சநீதிமன்ற நீதிபதியாக மூன்று வழி: ஐந்து வருசம் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், பத்து வருசம் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தவர், அல்லது சிறந்த சட்ட அறிஞர். மூன்றாவது வழியில் 2025வரை ஒருவர்கூட வந்ததில்லை. சட்டக் கல்லூரிகளில் பாடம் சொல்கிற, நூல் எழுதுகிற நம் ஆட்களுக்கு அந்தக் கதவு எழுபத்தைந்து வருசமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனால் அப்பா ஒய்.வி. சந்திரசூட் தலைமை நீதிபதி, மகன் டி.ஒய். சந்திரசூட் தலைமை நீதிபதி. அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. சட்டப் புத்தகம் அடுக்கிய வீட்டில் பிறப்பதும் கூரை ஒழுகும் வீட்டில் பிறப்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்கிறேன். கவாய்கூட, ரிபப்ளிகன் கட்சித் தலைவரும் ஆளுநருமாக இருந்த ஆர்.எஸ். கவாயின் மகன்தான். தாலுகா கோர்ட்டு மரத்தடியில் கட்டணம் வாங்காமல் வன்கொடுமை வழக்குக்கு மனு எழுதுகிற முதல் தலைமுறை வக்கீலை எந்தக் கொலீஜியத்தின் கண் பார்க்கும்?

தலைமைப் பதவிக்கு வருவோம். அங்கே மூப்பு என்று ஒரு வழக்கம். உச்சநீதிமன்றத்தில் யார் முதலில் வந்தாரோ அவரே மூத்தவர், அவரே தலைமை நீதிபதி. 65 வயதில் ஓய்வு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வயதில் உள்ளே விடுகிறார்கள் என்பதிலேயே தலைமை தீர்மானமாகிவிடுகிறது. வரதராசன் 60 வயதில் வந்தார்; ஐந்து வருசம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. ராமசாமி கிட்டத்தட்ட எட்டு வருசம் இருந்தும் வரிசை அவரை எட்டவில்லை. கவாயே 2024இல் ஒரு நிகழ்ச்சியில் இதைப் பேசினார்: அப்போது தலித் நீதிபதி யாரும் இல்லாததால்தான் 2019இல் தன்னைக் கொண்டுவந்தார்கள், அந்த எண்ணம் இல்லாவிட்டால் இரண்டு வருசம் தாமதமாகத்தான் வந்திருப்பேன் என்று. இரண்டு வருசம் தாமதமாகியிருந்தால் அவர் தலைமை நீதிபதி ஆகியிருக்க முடியாது. ஒருவரை ஒதுக்க வெளிப்படையாக ஒதுக்க வேண்டியதில்லை தோழர்களே. கோப்பைக் கொஞ்ச நாள் மேசையில் வைத்திருந்தால் போதும். ஆபீசில் வேலை பார்க்கிற எவருக்கும் இது தெரியும்.

இப்படித் தப்பித்து மேலே போனவர்கள் இருவர். வைக்கம் பக்கத்துத் தலயோலப்பறம்பில் பிறந்த பாலகிருஷ்ணன், 2007 முதல் 2010வரை. நம் சனங்கள் கோயில் தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்த அந்த வைக்கம்தான். அடுத்தவர் கவாய், 2025 மே முதல் நவம்பர்வரை. ஆறு மாதம். அவருக்குப் பின் சூர்ய காந்த் பொறுப்பேற்றார்.

ஆறு மாதத்தில் என்ன கிழித்துவிட முடியும் என்று கேட்கலாம். இங்கேதான் இரண்டாவது ரோஸ்டர் வருகிறது. உச்சநீதிமன்றத்திலும் ரோஸ்டர் என்ற சொல் புழங்குகிறது. அது நம் ரோஸ்டர் அல்ல. எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போக வேண்டும், எந்த அமர்வில் யார் உட்கார வேண்டும் என்கிற பட்டியல். அந்த ரோஸ்டருக்கு எசமான் தலைமை நீதிபதி ஒருவர் மட்டுமே. 2018 ஜனவரி 12இல் நான்கு மூத்த நீதிபதிகள் வெளியே வந்து பத்திரிகையாளரைக் கூட்டி வைத்துப் புலம்பியது இதைப் பற்றித்தான். அதே வருசம் உச்சநீதிமன்றம் திரும்பவும் உறுதி செய்தது: எசமான் அவரே. 34 பேர் கொண்ட மன்றம் என்கிறோம், ஆனால் நம் வழக்கைக் கேட்பது இருவர் அல்லது மூவர். அந்த இருவர் யார் என்று முடிவு செய்கிறவர் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார். அதனால்தான் எத்தனை பேர் என்ற கேள்வியோடு யார் தலைமை என்ற கேள்வியும் நமக்கு வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம்மாள் உட்கார்ந்தால் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும் என்று எதிர்பார்ப்பது வேறு அரசியல். 2024 ஆகஸ்ட் 1இல் உள்ஒதுக்கீடு செல்லும் என்று ஆறுக்கு ஒன்று கணக்கில் தீர்ப்பு வந்தது. அருந்ததியர் தோழர்கள் கொண்டாடினார்கள். வேறு சில தோழர்கள் கோபப்பட்டார்கள். அதே தீர்ப்பில், எஸ்.சி., எஸ்.டி.யிலும் வசதி பெற்றவர்களை இனங்கண்டு விலக்க வேண்டும் என்று எழுதியவர் கவாய். அதை நான் ஏற்கவில்லை. ஏற்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு. எழுத அவருக்கு உரிமை உண்டு. நூறு வருசமாக மற்றவர்கள் நம்மைப் பற்றி விவாதித்தார்கள். நாம் நமக்குள் விவாதிப்பது அந்த மேடையிலும் நடக்கட்டும் என்பதே கோரிக்கை. ஒரே ஆள் இருந்தால் அவர் அடையாளச் சின்னம். ஐந்து பேர் இருந்தால்தான் அவர்கள் நீதிபதிகள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சாதி போய்விடுகிறதா? 2025 அக்டோபர் 6. முதலாம் எண் நீதிமன்ற அறையில், தலைமை நீதிபதியை நோக்கி ஒரு வழக்கறிஞர் செருப்பை வீச முயன்றார். சனாதனத்தின் பெயரைக் கூவிக்கொண்டு. கவாய் கலங்காமல் அடுத்த வழக்கைக் கேட்டார். செருப்பைப் பார்த்து நாம் அதிர்ச்சி அடையவில்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிவாங்கிய சனங்கள் நாம். செருப்பு எங்கே இருக்க வேண்டும், யார் காலில் இருக்க வேண்டும் என்று சாதி எப்போதும் கணக்கு வைத்திருக்கிறது.

வேறு வழியே இல்லையா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி ஆட்சி முடிந்து, 1995இல் அங்கே அரசியல் சட்ட நீதிமன்றம் தொடங்கியபோது பதினோரு நீதிபதிகளில் ஏழு பேர் வெள்ளையர். அப்படியே விட்டுவிடவில்லை. நீதித்துறை நாட்டின் இன, பாலின அமைப்பைப் பரவலாகப் பிரதிபலிக்க வேண்டிய தேவையை நியமனத்தின்போது கருத வேண்டும் என்று 1996 அரசியல் சட்டத்தின் 174ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், மக்கள் பிரதிநிதிகள் கலந்த ஆணையம், வர விரும்புகிறவரைப் பொதுமக்கள் முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறது. துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து, தானே படித்து முன்னேறிய பயஸ் லங்கா 2005இல் தலைமை நீதிபதியானார். 2024இல் மண்டிசா மாயா என்ற கறுப்பினப் பெண் தலைமை நீதிபதியானார். அந்த நீதிமன்றம் நிற்பது ஜோகன்னஸ்பர்க்கின் பழைய சிறை வளாகத்தில்; இடித்த சிறையின் செங்கல்லை எடுத்தே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. ஆனால் கேள்வியைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நாம் இன்னும் கோப்பின் ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறோம்.

நாம் கேட்பது இவைதான். நீதிபதி நியமனத்தில் எஸ்.சி., எஸ்.டி., பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரின் பங்கு சட்டமாக எழுதப்பட வேண்டும்; உயர்நீதிமன்ற நாற்றங்காலிலிருந்தே அது தொடங்க வேண்டும். தேர்வு செய்கிறவர்கள் குழுவில் நம் ஆட்கள் இருக்க வேண்டும், அதுவும் முறைவைத்த ஒற்றை நாற்காலியில் அல்ல. யார் பெயர் வந்தது, யார் ஏன் விடுபட்டார் என்பது பேரேடாகப் பராமரிக்கப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வழக்குகளை யார் யாருக்குப் பிரிப்பது என்பது ஒருவர் விருப்பமாக இல்லாமல் எழுதப்பட்ட விதியாக வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள். அரசு வழக்கறிஞர் யார் யார், அந்தப் பட்டியலில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எழுதி எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வந்த பதிலையும், வராத பதிலையும் இதழுக்கு அனுப்புங்கள். அச்சிடுவோம். உச்சியில் இருக்கிற நாற்காலிக்குப் போகிற பாதை அந்தத் தாலுகா கோர்ட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

அந்த மூத்த தோழர் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசி நாளில் மாலை போட்டோம். பேசச் சொன்னோம். எழுந்து ஒரே ஒரு விசயம்தான் சொன்னார்: "அந்தக் கடைசிக் கட்டத்துல இனிமே எவனும் எழுதாம பாத்துக்கங்கப்பா."

எங்கள் வங்கிப் பேரேடு இப்போது கணினிக்குள் போய்விட்டது. கட்டம் அப்படியேதான் இருக்கிறது. டில்லியில் அந்தக் கட்டம்கூட இல்லை. நம்மை ஏன் எடுக்கவில்லை என்று பொய்யாகவாவது எழுதிவைக்க அங்கே ஒரு பேரேடு கிடையாது. முதலில் பேரேட்டைத் திறக்க வைப்போம். பிறகு அந்தக் கட்டத்தை யார் எழுதுவது என்று பார்ப்போம்.